டைட்ரேஷன் சொதப்பினால் முதலில் எதைப் பார்ப்பது?

டைட்ரேஷன் என்றால், ஒரு கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக இன்னொன்றில் விட்டு, எவ்வளவு செலவானது என்பதை வைத்துத் திறனைக் கண்டுபிடிப்பது. பிளஸ் டூ வேதியியல் ஆய்வகத்தில் ஆண்டுதோறும் கேட்பது அதே நாலைந்து குரல்கள்தான். “சார், கலரே வரல.” “வந்த கலர் போயிடுச்சு சார்.” “எனக்கு மட்டும் இருபத்திரண்டு வருது சார்.” இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இவற்றுக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. அமிலப் புட்டியையோ காரப் புட்டியையோ சந்தேகப்படுவதற்கு முன் கண்ணாடியையும் தண்ணீரையும் சந்தேகப்படுவேன். பெரும்பாலும் ஆள் அங்கேயே அகப்பட்டுவிடுவான்.

உங்களுக்கு எது நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். ஒவ்வொன்றிலும் காசில்லாத சோதனை முதலில், புதிதாக வாங்க வேண்டிய நிலை கடைசியில். கணக்குகள் எல்லாம் 0.1 நார்மல் கரைசல் (நார்மல் என்பது திறனின் அளவு), 20 மி.லி. பிப்பெட் (குறித்த அளவை எடுத்துக் குடுவையில் விடும் குழாய்), 50 மி.லி. பியூரெட் (கீழே திருகு வைத்த, அளவு குறித்த நீண்ட குழாய்) என்று வைத்துச் சொல்லியிருக்கிறேன்.

## அறிகுறி 1: அளவீடுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை

முதல் அளவீட்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள். முடிவுநிலை (நிறம் மாறி வினை முடிந்ததைக் காட்டும் இடம்) எந்தப் பக்கம் இருக்கிறது என்று தோராயமாகத் தெரிந்துகொள்ளத்தான் அது. அதற்கடுத்தவை 0.1 மி.லி.க்குள் சேர்ந்து வர வேண்டும். வரவில்லையா? உடனே ஐந்தாவது முறை செய்ய ஓடாமல், கையிலிருக்கும் எண்கள் எந்தப் பக்கம் நகர்கின்றன என்று பாருங்கள். பாதிப் பதில் அதிலேயே இருக்கும்.

எண்கள் இறங்கிக்கொண்டே வருகின்றன (20.6, 20.3, 20.1): பியூரெட்டைத் தண்ணீரில் கழுவிவிட்டு, அந்த ஈரத்தோடே கரைசலை ஊற்றியிருக்கிறீர்கள். உள்ளே ஒட்டியிருந்த நீர் முதல் நிரப்பலை நீர்க்கச் செய்துவிட்டது. அடுத்தடுத்த நிரப்பலில் அது குறைகிறது. எல்லாவற்றையும் வடித்துவிட்டு, 5 மி.லி. கரைசலால் இரண்டு முறை அலசுங்கள். அலசிய கரைசலை மேல் வாய் வழியாகக் கொட்டினால் போதாது, கீழ் முனை வழியாகவும் கொஞ்சம் போக வேண்டும்.

எண்கள் ஏறிக்கொண்டே வருகின்றன (19.5, 19.8, 20.0): இதே தப்பு பிப்பெட்டில். எடுக்கப்போகும் கரைசலால் பிப்பெட்டை அலசுங்கள்.

மேலும் கீழுமாக அலைகின்றன: இங்கேதான் பொறுமை வேண்டும். கீழே சொல்வதை இதே வரிசையில் பாருங்கள்.

புனல் இன்னும் பியூரெட்டின் தலையில் இருக்கிறதா? எடுத்துவிடுங்கள். பாதி டைட்ரேஷனில் அதிலிருந்து ஒரு துளி விழுந்தாலும் கணக்கு போச்சு.

கீழ் முனையில் காற்றுக்குமிழி இருக்கிறதா? நடுவில் அது வெளியேறினால், போன காற்றும் போன கரைசலாகக் கணக்கில் ஏறிவிடும். குழாய்த் திருகை ஒரு நொடி முழுதாகத் திறந்து வேகமாக ஓடவிட்டால் குமிழி போய்விடும். அப்புறம்தான் தொடக்க அளவைக் குறிக்க வேண்டும்.

கண் எந்த மட்டத்தில் இருக்கிறது? ஸ்டூலில் ஏறி மேலிருந்து பார்ப்பவருக்கு ஓர் எண், குனிந்து பார்ப்பவருக்கு வேறு எண். இன்னொன்று, முந்தின வாரம் அடர்நிறப் பெர்மாங்கனேட் செய்த கை பழக்கதோஷத்தில் கரைசல் மட்டத்தின் மேல் வளைவைப் படிக்கும். நிறமற்ற அமிலத்துக்கும் காரத்துக்கும் கீழ் வளைவுதான்.

பிப்பெட்டின் கடைசித் துளியை வாயால் ஊதுகிறீர்களா? ஊதக் கூடாது. முனையைக் குடுவைச் சுவரில் தொட்டு எடுத்தால் போதும். உள்ளே நிற்கும் துளியை விட்டுத்தான் அதற்கு 20 மி.லி. என்று குறியிட்டிருக்கிறார்கள். (வாயால் உறிஞ்சுவதையும் விட்டுவிடுங்கள். ரப்பர் பல்பு ஒன்றும் பெரிய விலை இல்லை.)

கூம்புக் குடுவையைக் கரைசலால் அலசினீர்களா? பியூரெட்டுக்கும் பிப்பெட்டுக்கும் சொன்னதைக் கேட்டு இதற்கும் அதையே செய்பவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. குடுவைக்கு வாலை வடிநீர் மட்டும். அது ஈரமாக இருந்தாலும் பரவாயில்லை. சுவரில் தெறித்ததை நடுவில் வடிநீரால் கழுவி உள்ளே இறக்குவதாலும் எண் மாறாது. அந்த நீர் உண்மையிலேயே வடிநீராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கதை ஐந்தாம் அறிகுறியில் வருகிறது.

கடைசியாக, பியூரெட் ஒழுகுகிறதா? நிரப்பி, திருகை மூடி, ஐந்து நிமிடம் அப்படியே விடுங்கள். மட்டம் இறங்கினால் ஒழுகல். கண்ணாடித் திருகு என்றால் கழற்றித் துடைத்து வாசலீன் மெல்லப் பூசுங்கள், துளை அடைபடாமல். டெஃப்லான் திருகு என்றால் பக்கத்து நட்டைக் கொஞ்சம் இறுக்கினால் போதும். இரண்டுக்கும் அடங்காத பியூரெட்டை ஓரமாக வைத்துவிட்டு வேறு வாங்கச் சொல்லுங்கள். ஒழுகும் பியூரெட்டோடு மல்லுக்கட்டி மூன்று மணி நேரத்தைத் தொலைத்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

## அறிகுறி 2: இளஞ்சிவப்பு வருகிறது, மறைகிறது

குடுவையில் அமிலம், பியூரெட்டில் சோடியம் ஹைட்ராக்சைடு, நிறங்காட்டி பினால்ப்தலீன் (அமிலத்தில் நிறமில்லை, காரத்தில் சிவக்கும்). எவ்வளவு நேரத்தில் மறைகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள்.

குலுக்கியதும் மறைந்தால் முடிவுநிலை இன்னும் வரவில்லை. பழுது எதுவும் இல்லை. ஆனால் இனிமேல் துளித்துளியாக. ஒரு துளி சுமார் 0.05 மி.லி. என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அரை நிமிடம் நின்று, பிறகு மெல்ல வெளுத்தால் வேலை முடிந்தது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைந்துதான் வெளுக்கிறது. எண்ணைக் குறித்துக்கொண்டு நகருங்கள். “பத்து நிமிஷம் கழிச்சுப் பார்த்தேன், கலர் இல்ல, அதனால இன்னும் ரெண்டு துளி விட்டேன்” என்பவர்தான் ஒவ்வொரு முறையும் கூடுதலாக எழுதுவார்.

பத்துப் பதினைந்து நொடியில் மறைந்து, நாலைந்து துளி விட்ட பிறகும் இதே கதை என்றால் தண்ணீரைச் சோதியுங்கள். சுத்தமான குடுவையில் 20 மி.லி. வடிநீர், இரண்டு துளி பினால்ப்தலீன், பிறகு பியூரெட்டிலிருந்து கார்பனேட் கலக்காத காரம். ஓரிரண்டு துளியில் சிவப்பு நின்றால் தண்ணீர் நல்லது. அதற்கு மேல் கேட்டால் வடிநீரில் கார்பன் டை ஆக்சைடு நிறைந்திருக்கிறது. திறந்து கிடந்த வடிநீரின் பிஎச் (7 என்றால் நடுநிலை, குறைந்தால் அமிலம்) 5.6 பக்கம் இறங்கிவிடும் என்பது பலருக்கு அதிர்ச்சி. பத்து நிமிடம் கொதிக்கவைத்து, மூடி வைத்து ஆறவிட்டால் சரியாகும்.

குடுவையில் காரம் இருக்கும்போது, அமிலம் விடுவதற்கு முன்பே சிவப்பு பளிச்சென்று வந்து மறைந்தால் காரம் மிக அடர்த்தி. அத்தகைய கரைசலில் பினால்ப்தலீன் நிறமிழக்கும். சோதனைக் குழாய் நிறையத் தண்ணீர் எடுத்து அதில் அந்தக் காரத்தின் ஓரிரு துளியை விட்டு, நிறங்காட்டி சேர்த்துப் பாருங்கள். சிவந்தால், நீர்க்க வேண்டிய கரைசலை யாரோ நீர்க்காமலே கொடுத்திருக்கிறார்கள். தொடராதீர்கள், புட்டியோடு ஆசிரியரிடம் போங்கள்.

## அறிகுறி 3: நிறமே வரவில்லை

பியூரெட் 50 தாண்டப் போகிறது, குடுவை தெளிந்த தண்ணீராகவே இருக்கிறது. நிறங்காட்டி சேர்த்தீர்களா? சிரிக்காதீர்கள், இதுதான் முதல் காரணம். இப்போது இரண்டு துளி விடுங்கள். குபீரென்று சிவந்தால் பதில் கிடைத்துவிட்டது. அந்தக் குடுவையைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

சேர்த்திருந்தால், நிறங்காட்டிப் புட்டியைச் சோதியுங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கித் தெளியவைத்த நீர் போதும். அதில் ஒரு துளி விட்டால் சிவக்க வேண்டும். சிவக்காவிட்டால் புட்டி மாறியிருக்கிறது, அல்லது ஆல்கஹாலில் கரைக்க வேண்டியதைத் தண்ணீரில் கரைத்து வைத்திருக்கிறார்கள். அடியில் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் இரண்டாவது.

நிறங்காட்டியும் சரி என்றால், பியூரெட்டிலும் குடுவையிலும் அமிலமே இருக்கலாம். இரண்டிலும் ஒவ்வொரு துளி எடுத்து நீல லிட்மஸ் தாளில் வையுங்கள், அமிலம் என்றால் சிவக்கும். ஒரே மேசையில் ஒரே மாதிரி இரண்டு பீக்கர், லேபிள் இல்லாமல். எத்தனை முறை பார்த்தாயிற்று!

## அறிகுறி 4: மெத்தில் ஆரஞ்சில் எது முடிவு என்றே தெரியவில்லை

மஞ்சள் முதன்முதலாக ஆரஞ்சுச் சாயல் காட்டும் இடம்தான் முடிவு. நன்றாகச் சிவந்த பிறகு நிறுத்தினால் தாண்டிவிட்டீர்கள். அடியில் வெள்ளை ஓடு வைத்து, பக்கத்தில் ஒப்பிட ஒரு குடுவை: 20 மி.லி. கார்பனேட் கரைசலும் அதே அளவு நிறங்காட்டியும், அமிலம் விடாமல். அந்த மஞ்சளிலிருந்து உங்கள் குடுவை விலகும் முதல் கணத்தைப் பிடியுங்கள். நிறங்காட்டி இரண்டு துளிக்கு மேல் வேண்டாம். கூட விட்டால் எல்லாமே ஆரஞ்சாகத் தெரியும்.

சோடியம் கார்பனேட்டுக்கு எதிராக ஹைட்ரோகுளோரிக் அமிலம் விடும்போது நிறம் இழுத்துக்கொண்டே போனால், குடுவையில் தேங்கிய கார்பன் டை ஆக்சைடுதான் காரணம். முடிவுக்குச் சற்று முன் இரண்டு நிமிடம் கொதிக்கவைத்து, ஆறவைத்து, பிறகு கடைசித் துளிகளை விட்டால் மாற்றம் கூர்மையாகத் தெரியும்.

வினிகர், ஆக்ஸாலிக் அமிலம் போன்ற வலு குறைந்த அமிலத்துக்கு மெத்தில் ஆரஞ்சு ஊற்றியிருக்கிறீர்களா? அது பிஎச் 3.1க்கும் 4.4க்கும் இடையில் மாறிவிடும், உண்மையான முடிவு வருவதற்கு வெகு முன்பே. அங்கே பினால்ப்தலீன்தான். எதிர்ப்பக்கமும் உண்டு: அம்மோனியாவுக்குப் பினால்ப்தலீன் ஆகாது.

இன்னொரு வகை. ஒரு மாணவன் மெத்தில் ஆரஞ்சில் மட்டும் எப்போதும் அரை மி.லி. கூடவே எழுதுவான், மற்ற எல்லாவற்றிலும் கெட்டிக்காரன். ஒரு மாதம் திட்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது, அவனுக்குச் சிவப்பு பச்சை நிறக்குறைபாடு. இப்போது அப்படிச் சந்தேகம் வந்தால் கார்பனேட்டுக்கு புரோமோகிரெசால் கிரீன் கொடுத்துவிடுகிறேன். நீலத்திலிருந்து மஞ்சளுக்கு மாறும். கூடவே வீட்டில் சொல்லி ஒருமுறை கண் மருத்துவரிடம் காட்டச் சொல்கிறேன்.

## அறிகுறி 5: எண்கள் அழகாக ஒத்துப்போகின்றன, விடை மட்டும் தப்பு

இதுதான் மோசமான வகை, ஏனென்றால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். முதல் கேள்வி: தப்பு உங்களுக்கு மட்டுமா, வகுப்புக்கே ஒரே திசையிலா?

உங்களுக்கு மட்டும் என்றால் கணக்கு நோட்டைத் திறவுங்கள். விடை சரியாக இரண்டு மடங்கு அல்லது பாதி என்றால் மோலாரிட்டியும் நார்மாலிட்டியும் (திறனைச் சொல்லும் இரு வேறு அளவுகள்) கலந்துவிட்டன. ஆக்ஸாலிக் அமிலத்துக்கும் சோடியம் கார்பனேட்டுக்கும் அந்த இரண்டு மடங்கு வித்தியாசம் உண்டு, சோடியம் ஹைட்ராக்சைடுக்கு இல்லை. அடுத்து, 20 என்று எழுதிக்கொண்டு 25 மி.லி. பிப்பெட்டைப் பிடித்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அதற்கடுத்து, அளவுக் குடுவையில் குறிவரை நிரப்பிய பிறகு மூடித் தலைகீழாகப் பலமுறை கவிழ்த்துக் கலக்கினீர்களா? கலக்காத குடுவையில் அடியில் ஒரு திறன், மேலே ஒரு திறன்.

வகுப்புக்கே தப்பு, விலகல் ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறுகிறது என்றால் கழுவு புட்டியைப் பாருங்கள். ஒரு செய்முறைத் தேர்வுக்கு முந்தின நாள், மெத்தில் ஆரஞ்சு வைத்த அத்தனை பேருக்கும் அமிலம் கூடுதலாகக் கேட்டது; சிலருக்கு அரை மி.லி., சிலருக்கு ஒன்றுக்கும் மேல். கரைசலை இரண்டு முறை புதிதாகச் செய்து பார்த்தேன், மாறவில்லை. கடைசியில் பார்த்தால் கழுவு புட்டிகள் அத்தனையிலும் போர் தண்ணீர்! குழாய் பக்கத்தில் இருந்ததால் யாரோ அங்கே பிடித்துவிட்டார்கள். லிட்டருக்கு 300 மி.கி. காரத்தன்மை உள்ள நீர் என்றால், சுவரைக் கழுவ 20 மி.லி. விட்டாலே 1.2 மி.லி. அமிலத்தை அது சாப்பிட்டுவிடும். தாராளமாகக் கழுவிய சுத்தக்காரப் பிள்ளைகளுக்குத்தான் அதிகத் தப்பு. சோதனை சுலபம்: 20 மி.லி. கழுவு நீரில் ஒரு துளி மெத்தில் ஆரஞ்சு, பிறகு பியூரெட் அமிலம் ஒரே துளி. ஆரஞ்சுக்குத் திரும்பினால் நல்ல நீர். மஞ்சளாகவே நின்றால் கொட்டுங்கள். வீட்டு ஆர்.ஓ. நீரும் வடிநீர் ஆகாது.

வகுப்புக்கே தப்பு, எல்லாருக்கும் ஒரே அளவு என்றால் திட்டக் கரைசல் (எடை போட்டுத் திறன் தெரிந்து செய்த கரைசல்). எடை போட்டவரிடம் புட்டியைக் காட்டச் சொல்லுங்கள். ஆக்ஸாலிக் அமிலப் படிகத்தில் இரண்டு நீர் மூலக்கூறு உண்டு. சமான எடை (ஒரு லிட்டர் 1 நார்மல் கரைசலுக்கு வேண்டிய கிராம்) 63. நீரைக் கணக்கில் விட்டு 45 என்று வைத்து எடை போட்டால், 0.1 என்று லேபிள் ஒட்டிய கரைசல் உண்மையில் 0.071தான். சோடியம் கார்பனேட்டில் இன்னும் மோசம்: நீரற்ற தூளுக்குச் சமான எடை 53, பத்து நீர் உள்ள படிகத்துக்கு 143. 250 மி.லி.க்கு ஆக்ஸாலிக் அமிலப் படிகம் 1.575 கிராம், நீரற்ற கார்பனேட் 1.325 கிராம். இந்த இரண்டு எண்களையும் தராசுக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன்.

திட்டக் கரைசலும் சரி என்றால் சோடியம் ஹைட்ராக்சைடு கெட்டிருக்கிறது. 4 கிராம் வில்லையை ஒரு லிட்டரில் கரைத்தால் 0.1 நார்மல் என்பது காகிதத்தில் மட்டும். எடை போடும்போதே அது ஈரத்தை உறிஞ்சுகிறது. புட்டி திறந்து மூடி நாளானால் கார்பனேட்டாகவும் மாறுகிறது. எவ்வளவு மாறியிருக்கிறது என்று ஒரே டைட்ரேஷனில் பார்க்கலாம். 20 மி.லி. காரத்தில் பினால்ப்தலீன் விட்டு, நிறம் போகும்வரை அமிலம் விடுங்கள். 19.0 என்று வைப்போம். அதே குடுவையில் மெத்தில் ஆரஞ்சு சேர்த்து ஆரஞ்சு வரும்வரை தொடருங்கள். 19.6 என்று வந்தால் இடைவெளி 0.6; அதன் இரட்டிப்பு, அதாவது 1.2 மி.லி., கார்பனேட் எடுத்துக்கொண்டது. மொத்தத்தில் ஆறு சதவீதம். ஓரிரு துளி இடைவெளி என்றால் பொறுத்துக்கொள்ளலாம். இந்த அளவு என்றால் கொட்டிவிட வேண்டியதுதான்.

புதிதாகச் செய்ய ஆசிரியர் மட்டும் கை வைக்கவும். சம எடை வில்லையும் நீரும் சேர்த்து, சூடு தாங்கும் பிளாஸ்டிக் பாத்திரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, மூடிச் சில நாள் வைத்தால் கார்பனேட் அடியில் தங்கிவிடும். மேல் தெளிவில் சுமார் 5 மி.லி. எடுத்து, கொதித்து ஆறிய வடிநீரில் ஒரு லிட்டர் ஆக்கினால் 0.1 நார்மலுக்குப் பக்கம் வரும். சரியான திறனை ஆக்ஸாலிக் அமிலத்தோடு பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

## அறிகுறி 6: லிட்மஸ் குழப்புகிறது

டப்பாவிலேயே நீலத்தாள் சிவந்திருந்தால், அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலப் புட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறீர்கள். வாயுவைக் காட்டியும் மாறவில்லை என்றால் தாளை நனையுங்கள். நிறம் மாறாமல் வெள்ளையாகவே போனால் அது பிளீச்சிங் சமாசாரம், குளோரின் சாயத்தையே அழித்துவிடுகிறது. தாள் தீர்ந்துவிட்டால் மஞ்சள் தேய்த்த வடிதாள் காரத்துக்குச் சிவக்கும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் செய்வது அதுதான். அமிலத்துக்கு அது எதுவும் சொல்லாது.

## அறிகுறி 7: பிஎச் மீட்டர் நிலைகொள்ளாமல் அலைகிறது

வடிநீரில் வைத்தால் அலையத்தான் செய்யும்; பழுதல்ல. 7 பஃபரில் (பிஎச் 7-இலேயே நிற்கும் கரைசல்) வையுங்கள். அங்கேயும் அலைந்தால் மின்முனையின் கண்ணாடிக் குமிழ் காய்ந்திருக்கிறது. 3 மோலார் பொட்டாசியம் குளோரைடில் ஓர் இரவு ஊறட்டும். (வடிநீரில் ஊறவைப்பதுதான் அதைக் கெடுக்கும் நேர்வழி.) படிவு தெரிந்தால் 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கால் மணி நேரம்.

பிறகு மில்லிவோல்ட் நிலைக்கு மாற்றி 4 பஃபரிலும் 7 பஃபரிலும் படியுங்கள். 25 டிகிரியில் வித்தியாசம் 177 பக்கம் இருக்க வேண்டும். புதுப் பஃபரிலும் 160க்குக் கீழே என்றால் மின்முனைக்கு வயதாகிவிட்டது, மாற்றுங்கள். வாங்குவதற்கு முன் ஒரு சோதனை: மின்முனையைக் கழற்றி, மீட்டரின் சொருகு முனையில் நடுத் துளையையும் வெளி வளையத்தையும் சிறு கம்பியால் இணையுங்கள். பூஜ்ஜியம் மில்லிவோல்ட் காட்டினால் மீட்டர் நல்லது. அப்போதும் தாவினால் பெட்டியைத் திறக்காமல் சர்வீஸ்காரரைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி 8: பியூரெட் திருகு சிக்கிக்கொண்டது

கண்ணாடித் திருகில் காரத்தை இரவெல்லாம் விட்டிருக்கிறீர்கள். பலம் போட்டுத் திருகாதீர்கள்; உடைந்தால் உள்ளங்கையில்தான் இறங்கும். மேலே வெந்நீர் ஊற்றிப் பாருங்கள். இல்லையென்றால் நீர்த்த அமிலத்தை நிரப்பி ஓர் இரவு விடுங்கள், இடுக்கில் படிந்த கார்பனேட் கரையும். மறுநாள் துணி சுற்றி மெல்லத் திருப்புங்கள். அசையாவிட்டால் அதை மறந்துவிடுங்கள்.

## அறிகுறி 9: புகை, கொதிப்பு, மேலே பட்டது

அமிலப் புட்டிகளின் மேல் வெள்ளைப் புகையும் பொடியும் என்றால், பக்கத்தில் அம்மோனியா இருக்கிறது. வேறு அலமாரிக்கு மாற்றுங்கள். மே மாத வெயிலில் கிடந்த அம்மோனியாப் புட்டியைக் குளிர்ந்த தண்ணீரில் நிறுத்திவைத்த பிறகே திறக்க வேண்டும்.

கந்தக அமிலத்தை நீர்க்கும்போது கொதித்துத் தெறிக்கிறது என்றால் தண்ணீரை அமிலத்தில் ஊற்றுகிறீர்கள். நிறுத்திவிட்டு விலகி நில்லுங்கள், ஆறட்டும். அமிலம்தான் தண்ணீருக்குள் போக வேண்டும், மெல்ல, கலக்கிக்கொண்டே.

தரையில் கொஞ்சம் நீர்த்த அமிலம் சிந்தினால் சமையல் சோடாவைத் தூவி, நுரை அடங்கியதும் துடையுங்கள். அடர் அமிலப் புட்டியே உடைந்தால் துடைக்கப் போகாதீர்கள். பிள்ளைகளை வெளியேற்றி, ஜன்னலைத் திறந்து, தீயணைப்புத் துறையை 101இல் கூப்பிடுங்கள்.

தோலில் பட்டால் ஓடும் தண்ணீர், இருபது நிமிடம். பட்ட துணியைக் கழற்றிவிடுங்கள். அமிலம் பட்ட இடத்தில் சோடா தேய்ப்பது, காரம் பட்ட இடத்தில் எலுமிச்சை பிழிவது எல்லாம் வேண்டாம். சமனாகும்போது எழும் சூடு இன்னொரு புண். கண்ணில் பட்டால் வீட்டு வைத்தியத்துக்கு இடமே இல்லை. இமையைப் பிரித்துப் பிடித்து ஒருவர் தண்ணீர் விட, இன்னொருவர் 108க்குப் போன் செய்யட்டும். காரம் அமிலத்தைவிட ஆழமாக இறங்கும். முதலில் எரிச்சல் குறைவாக இருப்பதை நம்பாதீர்கள். புட்டி லேபிளைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போனால் மருத்துவர் முதலில் கேட்கும் கேள்விக்கு வாசலிலேயே பதில் கொடுத்துவிடலாம்.